எல்லையில் இறங்கியவர்

அக்கா பஸ்ஸில் ஏற மாட்டாள். ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் எங்கள் வீட்டு வாசலிலேயே பஸ் தரிப்பிடம் இருந்தது. படியிறங்கினால் ஏறிவிடலாம். ஆனால் மழை ஊற்றினாலும் பனி கொட்டினாலும் அவள் சைக்கிளில்தான் வேலைக்குப் போவாள். கம்பனிக் கந்தோர்களைத் துப்புரவு செய்கிற வேலை. ஒருமுறை பனியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டு வந்து நின்றாள். "இனியாவது பஸ்ஸில போய்த் தொலையன்" என்று சத்தம் போட்டேன். "பஸ் எண்டால் எனக்கு வயித்தைப் பிரட்டும்" என்றாள். ரயிலில் பிரட்டாதாம், விமானத்தில் பிரட்டாதாம், பஸ்ஸில் மட்டும் பிரட்டுமாம். நல்ல வயிறு!

நான் அவளுடைய தங்கை. முதியோர் இல்லமொன்றில் வேலை. காது கேளாதவர்களோடு கத்திக் கத்தி என் குரலும் தடித்துவிட்டது, வாயும் நீண்டுவிட்டது என்று என் மனுசன் சொல்லுவார். அவர் சொல்வதில் பாதி உண்மை. வாய் எனக்குப் பிறக்கும்போதே நீளம்.

அக்காவின் கதை எங்கள் சனத்துக்கெல்லாம் தெரிந்த கதைதான். எண்பதுகளின் கடைசியில், கலியாணம் முடித்த கையோடு அவளும் அத்தானும் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பி யாழ்ப்பாணத்தைவிட்டு வெளிக்கிட்டார்கள். சிங்கப்பூர், மலேசியா, அங்கிருந்து பஸ்ஸில் தாய்லாந்து, தாய்லாந்திலிருந்து விமானம். மலேசியாவிலிருந்து தாய்லாந்துக்குள் போகிற எல்லையில் அத்தானைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா தனியே ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தாள். அத்தானைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. இவ்வளவும்தான் எங்களுக்குத் தெரியும். இதற்கு மேல் கேட்டால் எழும்பிப் போய்ச் சட்டி பானை கழுவத் தொடங்கிவிடுவாள்.

தகவல் இல்லை என்றேனே தவிர, கதைகளுக்குக் குறைவில்லை. அத்தான் மலேசியச் சிறையில் இருக்கிறார் என்றார் ஒருவர். இல்லை, பிடித்தவர்கள் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள், அங்கே காய்ச்சலில் போய்விட்டார் என்றார் இன்னொருவர். பாரிசில் ஒரு கடையில் அரிசி மூட்டை இறக்கும்போது கண்டதாக ஒருவர் சத்தியம் செய்தார். அக்கா அடுத்த நாளே ரயிலேறிப் பாரிசுக்குப் போனாள். மூட்டை இறக்கியவர் வேறு யாரோ, மட்டக்களப்புக்காரர், பாவம், விஷயத்தைக் கேட்டுவிட்டு அக்காவுக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து ரயிலேற்றி விட்டாராம். பிறகு கனடாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. கோயில் திருவிழாவில் அத்தான் காவடி எடுத்தாராம்! உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடேலாது.

ஒருவர் செத்துப்போனால் அழுது, எட்டுச் செலவு செய்து, அந்தியேட்டி முடித்து, ஒரு வழியாக மூச்சு விடலாம். காணாமல் போனவருக்கு என்ன செய்வது? அக்கா பொட்டு வைத்தபடியே இருந்தாள். கலியாண வீடுகளில்தான் அது பெரிய சங்கடமாகிவிடும். ஆலாத்தி எடுக்கச் சுமங்கலிகளை இரண்டிரண்டு பேராகக் கூப்பிடுவார்கள். அக்காவின் முறை வரும்போது பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கூப்பிடவும் பயம், விடவும் பயம். அக்கா அவர்களுக்குக் கஷ்டம் கொடுக்க மாட்டாள். அந்த நேரம் பார்த்து வடைத் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விடுவாள். எனக்குப் பத்திக்கொண்டு வரும். யாரிலே கோபப்படுவது என்றுதான் தெரியாது.

அதைவிட மோசமானது ஒன்று இருந்தது. அவள் தெருவில் ஆண்களின் முதுகைப் பார்ப்பாள். ஒருநாள் எஸ்ஸன் ரயில் நிலையத்தில் என்னோடு கதைத்துக்கொண்டு வந்தவள் பாதிச் சொல்லில் நின்று, ஒரு மனிதனுக்குப் பின்னால் போகத் தொடங்கினாள். நானும் பைகளை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். மேலே மேடையில் அந்த ஆள் திரும்பினான். ஒரு துருக்கிக்காரன். அத்தானின் சாயல் ஒரு துளிகூட இல்லை. அக்கா அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, விட்ட சொல்லிலிருந்து தொடங்கி மிச்சக் கதையை என்னிடம் சொல்லி முடித்தாள்.

இப்படி வருஷங்கள் போய்க்கொண்டிருந்தபோதுதான் பேக்கரியில் வேலை செய்கிற அண்ணை ஒருவர் வந்து என்னிடம் கேட்டார். அவர் மனைவியை நோய் வருத்தத்தில் பறிகொடுத்தவர். சனிக்கிழமைகளில் சூட்டோடு பாண் கொண்டுவந்து தருவார். எனக்குத்தான் தருகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், மடைச்சி.

"பிள்ளை, குறை நினைக்காதேங்கோ" என்று தொடங்கி, தொப்பியைக் கையில் வைத்துத் திருகித் திருகி ஒருபடியாகச் சொல்லி முடித்தார். "அக்காவுக்கு விருப்பமெண்டால் மட்டும். விருப்பமில்லையெண்டாலும் பாண் வரும்."

நல்ல மனுசன். நான் அக்காவிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம். ஆனால் சட்டப்படி அவள் இன்னும் ஒருவரின் மனைவியல்லவா? நாள் குறித்து டெர்மின் எடுத்து இரண்டு பேரும் நகரசபைக் கந்தோருக்குப் போனோம். அங்கே இருந்த பெண் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். ஒன்றில் விவாகரத்து எடுக்கவேண்டும். அல்லது, காணாமல் போய் இவ்வளவு காலமானபடியால், கணவர் இறந்துவிட்டதாக அறிவிக்கும்படி நீதிமன்றத்துக்கு அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், போடவேண்டும். அதை மனைவிதான் கேட்கவேண்டும்.

வெளியே வந்து சைக்கிளின் பூட்டைத் திறந்தபடி அக்கா சொன்னாள்: "விவாகரத்தோ? சண்டை பிடிச்ச ஆக்கள் எல்லோ விவாகரத்து எடுக்கிறது. நாங்கள் எப்ப சண்டை பிடிச்சனாங்கள்? அதுக்கு நேரமே கிடைக்கேல்லையே."

"அப்ப மற்றதைச் செய்."

"மற்றதோ? அவர் செத்துப்போனார் எண்டு நானே என்ர வாயால சொல்லோணுமோ? ஏலாது."

"அப்ப பேக்கரி அண்ணைக்கு என்ன சொல்லுறது?"

அவள் கனநேரம் பூட்டோடு மல்லுக்கட்டினாள். "ஒருக்கா அந்த எல்லைக்குப் போட்டு வாறன். வந்து சொல்லுறன்."

"என்னத்தைப் பாக்கப் போறாய்? அவர் அங்கை இவ்வளவு காலமும் கச்சான் கொறிச்சுக்கொண்டு குந்தியிருக்கிறாரோ?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தேன். அக்கா என்னைப் பார்க்காமல் சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள்.

ஊரில் சண்டை நின்று சமாதானம் என்று சொல்லி எல்லாரும் யாழ்ப்பாணத்துக்குப் பறந்த காலம் அது. நாங்கள் இரண்டு பேரும் மலேசியாவுக்குப் பறந்தோம், இரண்டு சைக்கிள்களை அட்டைப்பெட்டிகளில் அடைத்துக்கொண்டு. சைக்கிள் அக்காவின் நிபந்தனை. அந்த எல்லையைச் சைக்கிளில்தான் தாண்டுவாளாம். பஸ்ஸில் ஏற மாட்டாளாம். என் மனுசன் பெடலைக் கழற்றி, கைபிடியைத் திருப்பி, பெட்டியில் வைத்துக் கட்டும்போது, "அக்காவும் தங்கச்சியும் உலகம் சுத்தப் போயினமாம்" என்று பகிடி விட்டார். நான் ஒரு முறை முறைத்தேன்.

பினாங்கிலிருந்து வடக்கே சைக்கிள் ஓடத் தொடங்கினோம். இரண்டு பக்கமும் வயல். பசுமை என்றால் கண் கூசுகிற பசுமை. வெயில் என்றால் மண்டைக்குள் அடுப்பு வைத்த வெயில். யாழ்ப்பாணத்தில் சைக்கிளோடு பிறந்தவள் மாதிரித் திரிந்த நான், ஜெர்மனியில் சாப்பிட்ட பாணுக்கும் சீஸுக்கும் அங்கே பதில் சொன்னேன். அக்காவோ ஒரே சீராக மிதித்துக்கொண்டு போனாள். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. பின்னால் பார்ப்பதும் இல்லை. எனக்கு அவளைப் பார்க்க ஒரு விதமாகப் பயமாக இருந்தது. யாரோ முன்னால் போகிறார்கள், அவள் அவருக்குப் பின்னால் போகிறாள் என்பது போல.

அலோர் ஸ்டாரில் என் முழங்கால் வீங்கிவிட்டது. காலை மடக்க ஏலாது. எல்லை இன்னும் தூரம். நான் தெருவோரம் குந்தியிருந்து, வெட்கமில்லாமல் அழுதேன். நோவினால் பாதி, அவள் தனியாகவே போய்விடுவாளோ என்ற பயத்தினால் பாதி. அக்கா என் காலைத் தடவிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, தெருவுக்கு அந்தப் பக்கம் பஸ் நிலையம் இருப்பதைப் பார்த்தாள். அவளுடைய முகம் வெளிறிப்போனது.

"வா" என்றாள்.

"எங்கை?"

"பஸ்ஸுக்கு. உன்னை இதிலை விட்டிட்டே போறது?"

எல்லை தாண்டித் தாய்லாந்தின் ஹட்யாய் போகிற பஸ்ஸின் கண்டக்டர் ஒரு மலேசியத் தமிழர், முப்பது வயதிருக்கும். சைக்கிள்களைக் கண்டதும் இடுப்பில் கை வைத்தார். "அக்கா, இது பஸ்ஸா லாரியா? ரெண்டு சைக்கிள எங்க வைக்கிறது?" என்றார். நான் வாயைத் திறந்தேன். என் வாயோடு போட்டி போட ஏலாமல், பஸ்ஸின் வயிற்றுக் கதவைத் திறந்தார். முன்சில்லுகளைக் கழற்றி, வெங்காய மூட்டைகளுக்கு மேலே ஒன்றும் பயணப்பெட்டிகளுக்கு நடுவே ஒன்றுமாகப் படுக்க வைத்தோம். "கீறல் விழுந்தா நான் பொறுப்பில்ல" என்றார். "கீறல் விழாத இடம் அதிலை எங்கை இருக்கு, நீங்களே காட்டுங்கோ" என்றேன். சிரித்துவிட்டார்.

அக்கா படியில் ஒரு காலை வைத்துவிட்டு நின்றாள். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். கம்பியைப் பிடித்த அவளுடைய விரல்கள் வெள்ளையாகிவிட்டன. பிறகு தண்ணீருக்குள் இறங்குகிறவள் போல மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினாள். இரண்டு பேர் இருக்கும் இருக்கையில் கரையில் இருந்துகொண்டு, யன்னலோரத்தை வெறுமையாக விட்டாள். நான் அங்கே போக வெளிக்கிட்டபோது, "நீ பின்னுக்கு இரு, காலை நீட்டலாம்" என்றாள். நடுவழியில் ஏறிய சீனக் கிழவர் ஒருவர் அந்த இடத்தைக் கைகாட்டிக் கேட்டார். அக்கா இல்லையென்று தலையை ஆட்டினாள். ஆள் வருகிறது என்று சைகை காட்டினாள். வெளியே கொளுத்துகிற வெயில். எனக்குக் குளிர்ந்தது.

எல்லை வந்தது. எல்லோரும் இறங்கிக் கடவுச்சீட்டில் முத்திரை குத்திக்கொண்டு திரும்பி வந்து ஏறவேண்டும். எங்களுடையது ஜெர்மன் கடவுச்சீட்டு. அந்த உத்தியோகத்தர் எங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. டப்பென்று குத்தித் தள்ளிவிட்டார். அக்கா அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். "இவ்வளவுதானோ?" என்றாள். கட்டடத்துக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு தேநீர்க் கொட்டகை இருந்தது. அக்கா அதை நோக்கி நடந்தாள். கேட்டு விசாரிக்காமல், நேரே போய் ஒரு மேசைக்கு முன்னால் நின்றாள். அங்கேதான் முதல்முறையாக, ஒரு சட்டி பானையும் கழுவ இல்லாத இடத்தில், மிச்சக் கதையை எனக்குச் சொன்னாள்.

மலேசியத் தமிழர் இரண்டு பேரின் கடவுச்சீட்டில் படம் மாற்றித்தான் ஏஜென்சிக்காரன் அவர்களை அனுப்பியிருக்கிறான். ஆளையாள் தெரியாதவர்கள் போல இருக்கவேண்டும், ஒருவர் பிடிபட்டால் மற்றவர் திரும்பியும் பார்க்கக்கூடாது, இல்லாவிட்டால் இரண்டு பேரும் உள்ளுக்குத்தான் என்று படிப்பித்திருக்கிறான். அதனால் பஸ்ஸில் அக்கா முன்னுக்கு, அத்தான் பின்னுக்கு. முத்திரையெல்லாம் விழுந்துவிட்டது. இரண்டு பேரும் தப்பிவிட்டார்கள். பஸ் புறப்படக் கொஞ்சம் நேரமிருந்தது. அத்தான் இந்தக் கொட்டகையில் வந்திருந்து ஒரு தேத்தண்ணி கேட்டார்.

"பால் போடாத தேத்தண்ணி. சீனியைப் புறம்பா ஒரு கிண்ணத்தில வச்சவங்கள்" என்றாள் அக்கா. "இவர் என்ன செய்தவர் தெரியுமோ? ஒரு கரண்டி சீனியை எடுத்து இடக்கை உள்ளங்கையில கொட்டினார். கொட்டிப்போட்டு, நக்கி நக்கித் தேத்தண்ணியைக் குடிச்சார்."

நான் வாயைப் பொத்தினேன். எங்கள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான் குடிப்போம். யாழ்ப்பாணத்தில் அது ஒரு விஷயமே இல்லை. பனங்கட்டி இருந்தால் கடித்துக்கொண்டு, இல்லாவிட்டால் உள்ளங்கையில் சீனி. உலகத்தில் வேறு யார் அப்படிக் குடிக்கிறார்கள்?

"அங்காலை மேசையில ஒரு தமிழ் ஒஃபீசர் இருந்தவன். இவரையே பாத்துக்கொண்டிருந்தான். பாத்துப்போட்டுச் சிரிச்சான். எழும்பி வந்து, எந்த ஊர் எண்டு கேட்டான். ஈப்போ எண்டு இவர் சொன்னவர். அப்பிடித்தான் பாடமாக்கினது. ஈப்போவில எந்தப் பக்கம் எண்டான். அதுக்கு மேல பாடமாக்கேல்லை. தோளில கை போட்டுக் கூட்டிக்கொண்டு போனான். சிநேகிதன் மாதிரி. நான் பக்கத்தில நிண்ட பஸ்ஸுக்குள்ள இருந்து எல்லாத்தையும் பாத்தனான். சீனியைக் கொட்டேக்கையே கண்டிட்டன். ஒருக்கா செருமியிருந்தால் காணும். இவர் நிமிர்ந்து பாத்திருப்பார்."

"அக்கா..."

"பொறு. பேந்து பஸ்காரன் உள்ளுக்கு வந்து கேட்டவன். இறங்கின ஆளோட வந்த ஆக்கள் ஆரும் இருக்கினமோ எண்டு. தமிழிலயும் கேட்டவன், மலாயிலயும் கேட்டவன். நான் யன்னலுக்கால வெளியில பாத்துக்கொண்டிருந்தன். அவன் இவற்ற பையை எடுத்து வெளியில வச்சிட்டு, பஸ்ஸை எடுத்தான். நாங்கள் போட்டம்."

அவள் அழவில்லை. அழுதது நான். மூக்கைச் சீலைத் தலைப்பில் துடைக்க வழியில்லாமல், சைக்கிள் ஓடப் போட்ட சேர்ட்டின் கையில் துடைத்தேன். நான் என்ன சொல்வது? உன்னில் பிழையில்லை என்று சொன்னேன். ஏஜென்சிக்காரனைத் தூஷணத்தால் திட்டினேன். அவள் கேட்டதாகத் தெரியவில்லை. பஸ் ஹோர்ன் அடித்தது. என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய் ஏற்றினாள்.

கண்டக்டர் வழியில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டு வந்தார். "எல்லாரும் வந்தாச்சா? கிளம்பலாமா?" என்றார், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல்.

"இல்லை" என்றாள் அக்கா. "ஒராள் வரேல்லை."

அவர் திரும்பவும் எண்ணினார். "கணக்கு சரியா இருக்கே அக்கா. யாரு வரல?"

"என்ர மனுசன்."

கண்டக்டர் வெறுமையாக இருந்த யன்னலோரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஏறும்போது நீங்கள் இரண்டு பேர்தானே என்ற கேள்வி அவர் முகத்திலேயே இருந்தது. அக்காவுக்குத் தலை சரியில்லை என்று ஒரு கண்சாடை காட்டியிருக்கலாம். பஸ் போயிருக்கும். வாழ்க்கையில் ஒரு தரமாவது என் வாய் சரியான நேரத்தில் சரியானதைச் சொன்னது என்றால் அது அன்றைக்குத்தான்.

"ஓம் தம்பி" என்றேன். "அவர் இஞ்சைதான் இறங்கினவர்."

"டாய்லெட்டுக்குப் போயிருப்பாரா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டு அவர் முன்னால் போய் டிரைவரிடம் ஏதோ மலாயில் சொன்னார். டிரைவர் அலுத்துக்கொண்டார். இயந்திரத்தை நிறுத்தினார். முன்கதவைத் திறந்துவிட்டார். அனல் காற்று உள்ளே வந்தது. ஹோர்னை நீட்டி அடித்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அடித்தார். கண்டக்டர் கீழே இறங்கி, வெயிலுக்குக் கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு, கொட்டகைப் பக்கமும் கட்டடத்துப் பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். "அண்ணே! பஸ்ஸு கிளம்புது அண்ணே!" என்று கூப்பிட்டார்.

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். பிறகு ஒவ்வொருவராக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். சீனக் கிழவரும் எழுந்து நின்று பார்த்தார். நானும் பார்த்தேன். விசர், பைத்தியம் என்று சொன்னால் சொல்லட்டும், அந்தக் கொஞ்ச நேரம் அந்த வழியால் ஒருவர் ஓடி வந்துவிடுவார் என்றே எனக்கும் இருந்தது. வெறும் வெயில்தான் வந்தது. அக்கா மட்டும் திரும்பி, கதவையே பார்த்தபடி, ஒருமுறைகூடக் கண் வெட்டாமல் இருந்தாள்.

பிறகு எழும்பினாள். சீலை கட்டியிருப்பவள் போலச் சேர்ட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். கதவடிக்குப் போய், கீழே நின்ற கண்டக்டரிடம் சொன்னாள்.

"தம்பி, பாத்தது காணும். ஏறுங்கோ. அவர் இனி வரமாட்டார்."